நிலவறையில் தண்ணீர் தேங்காமல் இருக்க: வடிகுழியும் மோட்டாரும் போடும் முறை

மதுரையில் இந்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இரண்டு சொற்கள் காலை வாரிவிடும். கொத்தனாரிடம் ‘பேஸ்மென்ட்’ என்றால் அவர் பேஸ்மட்டத்தை நினைத்துக்கொள்வார். அதாவது ரோட்டைவிட வீட்டை எத்தனை அடி தூக்கிக் கட்டுவது என்ற கணக்கு. ‘சம்ப்’ என்றால் மாநகராட்சிக் குடிதண்ணீரைப் பிடித்து வைக்கும் தரைத்தொட்டி. ஆகவே ‘பேஸ்மென்ட்டில் சம்ப் மோட்டார் போடணும்’ என்று சொன்னால், குடிதண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இப்படி வந்து இறங்கிய மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன். சேற்றுத் தண்ணீரில் அது ஒரு மழைக்காலம் தாங்காது.

அதனால் இந்தக் கட்டுரையில் வீட்டுக்குக் கீழே இறங்கும் அறையை நிலவறை என்றும், அதன் தரையில் தண்ணீர் வந்து சேரத் தோண்டும் பள்ளத்தை வடிகுழி என்றும் எழுதுகிறேன். பிளம்பரிடம் பேசும்போது ‘கீழே ஊறுற தண்ணியை வெளியேத்தணும், டீவாட்டரிங் மோட்டார் வேணும்’ என்று சொல்லுங்கள். புரிந்துவிடும்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், பீபீகுளம், ஆத்திகுளம், சொக்கிகுளம், மாடக்குளம், உலகனேரி. பாதி மதுரை குளத்தின் பெயரில்தான் இருக்கிறது. தண்ணீர் நிற்கத் தோதான பள்ளம் என்பதால்தான் அந்தக் காலத்தில் அங்கே கண்மாயும் குளமும் வெட்டினார்கள். மேலே வீடு வந்துவிட்டது, ஆனால் தண்ணீருக்கு அந்த வழி மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நிலவறை தோண்டினால் ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று எடுப்பது இயல்பு. வைகைக் கரையை ஒட்டிய தெருக்களில் மழையே இல்லாவிட்டாலும், அணை நிரம்பி ஆற்றில் தொடர்ந்து தண்ணீர் ஓடும் நாட்களில் நிலத்தடி நீர் மேலே ஏறும். கிணறு நிறைகிறது என்று எல்லாரும் சந்தோஷப்படும் அதே வாரத்தில் நிலவறைக்காரர் வீட்டில் தரை நனைந்திருக்கும்.

ஆனால் எல்லா ஈரமும் ஊற்று இல்லை. மோட்டார் வாங்கும் முன் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் செலவழியுங்கள். மழை பெய்யும்போது நிலவறைக்குள் நின்று பாருங்கள். மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே தண்ணீர் வந்தால் அது படி வழியாகவோ, கார் இறங்கும் சரிவு வழியாகவோ, ஜன்னல் வழியாகவோ வரும் மேல்தண்ணீர். மழை விட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சுவரும் தரையும் சேரும் மூலையில் கோடு போட்டதுபோல ஈரம் தெரிந்தால் அது மண்ணுக்குள்ளிருந்து வருவது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் சித்திரை வெயிலிலும் நனைந்திருந்தால், ஏதோ ஒரு குழாயோ தொட்டியோ ஒழுகுகிறது.

அந்த மூன்றாவது வகையில் அடிக்கடி அகப்படுவது உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் சம்ப்பேதான். பல வீடுகளில் அது நிலவறைச் சுவரை ஒட்டியே இருக்கும். ராத்திரி எல்லா வால்வையும் அடைத்துவிட்டு, சம்ப்பின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சம்ப் ஒழுகுகிறது. அதைப் பூசி அடைத்தாலே வேலை முடிந்தது, மோட்டார் தேவைப்படாது. நாற்றம் அடித்தால் செப்டிக் டேங்க்கைப் பாருங்கள். அதையும் மோட்டார் வைத்துச் சமாளிக்கக் கூடாது, ஒழுகலை அடைக்கத்தான் வேண்டும்.

தரை லேசாக நமுத்திருக்கிறது, ஆனால் ஊற்றா காற்று ஈரமா என்று தெரியவில்லையா? இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேலே வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

இன்னொன்றும் நம் ஊரில் உண்டு. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல ஏற்பாடு, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் இடம் இல்லை என்று அந்தக் குழியை நிலவறைச் சுவரை ஒட்டித் தோண்டியிருப்பார்கள். மாடித் தண்ணீர் முழுக்க அந்தக் குழியில் இறங்கி, அங்கிருந்து சுவர் வழியாக உள்ளே வரும். குழியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். சுவரைச் சுற்றித் தரை வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கட்டும். சரிவின் தலைப்பில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு மேடு கட்டுங்கள். தெருத் தண்ணீர் உள்ளே இறங்காது. இத்தனையும் செய்த பிறகு மிச்சம் வருகிற தண்ணீருக்குத்தான் மோட்டார்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுவது

2024 அக்டோபர் 25-ஐ மதுரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. மத்தியானம் 3 மணியிலிருந்து 3.15-க்குள், கால் மணி நேரத்தில், 4.5 சென்டிமீட்டர் கொட்டியது. செல்லூர் கண்மாய்ப் பக்கமும் பந்தல்குடி கால்வாய்ப் பக்கமும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டார் கணக்கை நான் இப்போது அந்தக் கால் மணி நேரத்தை வைத்துத்தான் போடுகிறேன்.

12 அடி அகலம், 30 அடி நீளத்தில் கூரை இல்லாத கார் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 360 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதன் மேல் 4.5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 1,500 லிட்டர். 15 நிமிடத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர். இது சரிவில் நேராக விழும் மழை மட்டும். அந்தச் சரிவுக்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டுவிட்டால் இந்த 100 லிட்டர் காணாமல் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். கூரையை விடச் சிறந்த மோட்டார் கிடையாது.

ஊற்றுத் தண்ணீரை அளக்க வேறு வழி. குழி தோண்டியதும், நல்ல மழைக்கு மறுநாள் குழியை வாளியால் இறைத்துக் காலி செய்துவிட்டு, ஒரு அடி உயரம் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டடி விட்டமுள்ள குழியில் ஒரு அடி என்பது சுமார் 90 லிட்டர். முப்பது நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான். பெரும்பாலான வீட்டு ஊற்று இப்படித்தான், சத்தமில்லாமல், ஆனால் விடாமல் வரும்.

குழி

தரையின் மிகத் தாழ்வான மூலையில் தோண்டுங்கள். எது தாழ்வு என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் அதுவே போய்க் காட்டும். புதுத் தரை போடுகிறவர்கள் பத்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வைத்து எல்லாவற்றையும் குழிப்பக்கம் திருப்பலாம்.

ஆழம் மூன்றடி. விட்டம் இரண்டடி போதும் என்பார்கள். எனக்கு மூன்றடிதான் பிடிக்கும். காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் மோட்டார் இரண்டடிக் குழியின் ஒரு அடித் தண்ணீரை ஒரு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். ஊற்று பலமாக இருந்தால் திரும்ப நிறையும், திரும்ப ஓடும். மோட்டார் கெடுவது அதிகம் ஓடுவதால் இல்லை, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதால்தான். மூன்றடி விட்டத்தில் அதே ஒரு அடிக்கு 200 லிட்டர் நிற்கும். ஓட்டமும் இரட்டிப்பு, ஓய்வும் இரட்டிப்பு.

கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறையே இதற்கும் நன்றாகப் பொருந்தும். ஊற்றுத் தண்ணீர் உள்ளே வர உறையின் பக்கங்களில் விரல் தடிமனுக்குத் துளைகள் போட்டு, வெளியே சுற்றிலும் முக்கால் ஜல்லி நிரப்புங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி வைத்தால் மண் உள்ளே கரைந்து வராது. அடியில் கான்கிரீட் போட்டு, நடுவில் ஒரு கல்லோ இரண்டு செங்கல்லோ வைத்து அதன் மேல் மோட்டாரை உட்கார வையுங்கள். அடியில் படியும் சேற்றை அது உறிஞ்சக் கூடாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இந்தத் துணியை விட்டுவிட்டால் ஒரே வருஷத்தில் குழி களியாகிவிடும். சில இடங்களில் இரண்டடியிலேயே சுக்கான் பாறை தட்டும். உடைக்க முடியாவிட்டால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மேலே மூடி கட்டாயம். குழந்தை விழக்கூடாது என்பது முதல் காரணம். டெங்கு கொசு பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் என்பது அடுத்தது. மூடியில் இடைவெளி இருந்தால் கொசுவலை வைத்து அடையுங்கள்.

மோட்டார் தேர்ந்தெடுப்பது

வீட்டு நிலவறைக்கு அரை ஹெச்.பி. போதும், பெரும்பாலும். ஹெச்.பி.யை விட முக்கியமானது பெட்டியில் இருக்கும் அட்டவணை. ‘அதிகபட்ச டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு 250 லிட்டர், அதிகபட்ச ஹெட் 10 மீட்டர்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். டிஸ்சார்ஜ் என்பது வெளியே தள்ளும் தண்ணீரின் அளவு, ஹெட் என்பது தூக்கும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 250 லிட்டர் என்பது தண்ணீரைத் தூக்கவே தேவையில்லாதபோது கிடைப்பது. 10 மீட்டரில் ஒரு சொட்டும் வராது. நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் உயரத்தில் எவ்வளவு என்பதுதான்.

உயரத்தைக் குழியின் அடித்தண்ணீரிலிருந்து குழாயின் உச்சி வரை அளக்க வேண்டும். நிலவறை 9 அடி, குழி 3 அடி, தரைக்கு மேல் 2 அடி என்றால் 14 அடி, சுமார் 4.3 மீட்டர். வளைவுகளுக்கும் குழாய் உரசலுக்கும் சேர்த்து 6 மீட்டர் என்று வையுங்கள். 6 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 100 முதல் 120 லிட்டர் தருகிற மோட்டார் மேலே சொன்ன வீட்டுக்குச் சரி.

தண்ணீருக்குள் முழுகி நிற்கும் டிரைனேஜ் வகைதான் வாங்க வேண்டும். கிணற்றுக்குப் போடும் ஓப்பன்வெல் மோட்டார் தெளிந்த தண்ணீருக்கானது, மணல் போனால் தேய்ந்துவிடும். ஃப்ளோட் ஸ்விட்ச்சோடு சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஏறினால் மிதவை மேலே போய் மோட்டாரை ஓட விடும், இறங்கினால் நிறுத்தும். மிதவை சுவரிலோ குழாயிலோ மாட்டாமல் ஆட இடம் இருக்க வேண்டும். மூன்றடிக் குழி கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

குழாய், வால்வு, ஒரு சின்ன ஓட்டை

மோட்டாரின் வாய் எந்த அளவோ அதே அளவுக் குழாய், குறைக்கவே கூடாது. 50 மில்லிமீட்டர் பி.வி.சி. என்றால் நல்லது. மோட்டாருக்குச் சற்று மேலே ஒரு என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே பக்கம் விடும் வால்வு. இது இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் குழிக்கே திரும்பி விழும். 50 மில்லிமீட்டர் குழாயில் மூன்று மீட்டருக்கு ஆறு லிட்டர் நிற்கும். அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, வைத்தால் பழுது பார்க்கக் குழாயை அறுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த ஓட்டை. அதே அக்டோபர் 25 சாயங்காலம் ஆத்திகுளம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா நிலவறையில் சுங்குடிச் சேலைக் கட்டுகளை தீபாவளி வியாபாரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்.

“தம்பி, மோட்டார் ஓடுற சத்தம் நல்லா கேக்குது. தண்ணி மட்டும் எறங்கவே மாட்டேங்குது.”

“அம்மா, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. தண்ணிக்குள்ள கால் வைக்காதீங்க. நான் வந்துர்றேன்.”

போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. கீழ் வரிசைக் கட்டுகளில் சாயம் இறங்கி, தண்ணீர் முழுக்க மஞ்சளும் அரக்குமாக இருந்தது. கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு இறங்கி, தடவிப் பார்த்து யூனியனைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று வெளியேறி, தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. திரும்ப இறுக்கிவிட்டு மேலே ஏறி ஸ்விட்சைப் போட்டதும் வெளிக்குழாயில் தண்ணீர் பாய்ந்தது.

நடந்தது இதுதான். கோடை முழுக்கக் குழி காய்ந்து கிடந்ததால் மோட்டாருக்குள் காற்று அடைத்துக்கொண்டது. மேலே வால்வு மூடியிருக்க, அதன் மேல் தண்ணீர் அழுத்த, காற்று போக வழியில்லை. மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் விசிறியால் காற்றைத் தள்ள முடியாது. மோட்டாருக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவே குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டிருந்தால் காற்று அதன் வழியே போயிருக்கும். அந்த மோட்டாரை மாட்டியவன் நான். ஓட்டை போடாமல் விட்டது என் தவறு, சேலைகள் போனது அந்த அம்மாவுக்கு. அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு குழாயிலும் ட்ரில் வைத்த பிறகுதான் வேலையை முடிக்கிறேன். ஓட்டை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், பீச்சும் தண்ணீர் குழிக்குள்ளேயே விழும். சில மோட்டார்களில் உடம்பிலேயே காற்றுத் துளை இருக்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை எங்கே விடுவது? மழைநீர் வடிகாலுக்கோ, தோட்டத்துக்கோ. பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள். பெருமழையில் அது ஏற்கனவே நிரம்பியிருக்கும், நீங்கள் தள்ளுகிற தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறையில் மேலே வரும். தோட்டத்தில் விட்டால் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, வெளிப்பக்கம் வாட்டமான இடத்தில் விடுங்கள். இல்லையென்றால் விட்ட தண்ணீரே ஊறித் திரும்பி வரும்.

கரண்ட்

இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். நீங்கள் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. மோட்டாருக்குத் தனி லைன், லோடு மீறினால் விழும் தனி எம்.சி.பி. ஸ்விட்ச், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச், சரியான எர்த். பிளக் பாயின்ட் நிலவறைத் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே வரக் கூடாது, மாடிப்படியின் மேலே இருந்தால் இன்னும் நல்லது. மெயின் போர்டே நிலவறையில் இருந்தால் முதலில் அதை மேலே மாற்றுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஆஃப் செய்ய அதற்குள்ளேயே இறங்க வேண்டிய நிலை வரக் கூடாது.

பெருமழையில் பாதுகாப்புக்காக மின்வாரியமே கரண்ட்டை நிறுத்தும். மோட்டார் தேவைப்படும் நேரமும் அதுதான். வீட்டில் ஃபேன், லைட்டுக்கு இருக்கும் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 600 வாட் எடுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. 2,000 வி.ஏ. சைன்வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரி இரண்டும் இருந்தால் நிற்காமல் ஓடினாலும் மூன்று மணி நேரம் வரும். விட்டு விட்டு ஓடினால் ராத்திரி முழுக்கத் தாங்கும். ஜெனரேட்டர் வைப்பவர்கள் அதை நிலவறைக்குள்ளோ வாசலை ஒட்டியோ வைக்கவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். அதன் சென்சாரை வடிகுழியில், மிதவை ஸ்டார்ட் ஆகும் இடத்துக்கு அரையடி மேலே கட்டித் தொங்கவிடுங்கள். மோட்டார் ஓடாவிட்டால் அது கூப்பிடும். வசதி இருந்தால் இரண்டாவது மோட்டாரையே அந்த உயரத்தில் மிதவை வைத்துப் போடலாம்.

ஏற்கனவே தண்ணீர் நிரம்பிவிட்டால்

ஆளுயரத் தண்ணீரை அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் நனைந்து ஊறிக் கிடக்கும். ஒவ்வொரு மீட்டர் தண்ணீரும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் சுவரை உள்நோக்கித் தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்முட்டு. அதைச் சட்டென்று எடுத்தால் சுவரில் விரிசல் விழும், தரை வெடித்து மேலெழும். மழை விட்டு வெளித்தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகு, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறக்குங்கள்.

சோதனையும் பராமரிப்பும்

ஆவணி முடிவதற்குள் ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பாருங்கள். மிதவை எழுந்து மோட்டார் தானாக ஓட வேண்டும், வெளிக்குழாயில் தண்ணீர் கொட்ட வேண்டும், தானாக நிற்க வேண்டும். மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும், சத்தத்தை நம்பக் கூடாது. ம்ம்ம் என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது விசிறியில் துணியோ கயிறோ சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். சீல் ஆயில் இருக்கும் மோட்டாரில் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, ஓட்டாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

தை பிறந்து குழி காய்ந்ததும் மோட்டாரை வெளியே எடுத்து, அடிச் சல்லடையைக் கழுவி, குழியின் சேற்றை அள்ளிவிடுங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் விசிறியைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். அதனால் கோடையிலும் மாதம் ஒருமுறை, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை முழுக்க முக்கி அரை நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீரில்லாமல் வெறுமனே ஓட்டக் கூடாது, அதைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான். ஓட்டி முடித்த டிரம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.